மார்ச் 1942, பெர்லின்: ஓர் ஒலிநாடாவின் கதை

கடந்த சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் ஐவர் கூடி ஒரே ஒரு இசைத்தட்டுத் தொகுப்பைக் கேட்டு வருகிறோம். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழு 2018-இன் இறுதியில் தன் சொந்த வெளியீடாகக் கொண்டுவந்த, 22 தட்டுகள் அடங்கிய கனத்த பெட்டி அது. 1939 முதல் 1945 வரை வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லர் அக்குழுவை நடத்த, ஜெர்மன் வானொலி பதிவு செய்த கச்சேரிகளில் எஞ்சியவை எல்லாம் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. விலை எங்களில் தனியொருவர் தாங்கக்கூடியதாக இல்லை. பங்கு போட்டுத்தான் வாங்கினோம். (‘கண்டக்டர்’ என்பதைத் தமிழில் ‘நடத்துநர்’ என்று எழுதினால் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. இக்கட்டுரையில் ‘இசை நடத்துநர்’ என்று எழுதிப் பார்க்கிறோம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

பெட்டியில் உள்ளவற்றுள் பெரிதும் பேசப்படுவது பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி. 1942 மார்ச் 22 முதல் 24 வரை பெர்லினின் பழைய ஃபில்ஹார்மோனி அரங்கில் நடந்த கச்சேரிகளில் பதிவானது. மேலைச் செவ்வியல் இசையில் தோய்ந்தவர்களிடம் ‘மார்ச் 42’ என்று சொன்னாலே போதும், எது என்று புரிந்துகொள்வார்கள். உலகின் மிகச் சிறந்த ஒன்பதாம் சிம்பொனி இதுவே என்று சாதிப்போர் உண்டு. கேட்கவே கூடாத ஒன்பதாம் சிம்பொனி என்போரும் உண்டு. எங்கள் ஐவருக்குள்ளேயே இவ்விரு கட்சிகளும் இருந்தன என்பது முதல் மாலையிலேயே தெரிந்துபோயிற்று.

முதல் பகுதியில் ஓர் இடம். கர்நாடகக் கச்சேரியில் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பல்லவியின் எடுப்புக்குத் திரும்புவதுபோல, சிம்பொனியும் தொடக்கத்துக் கருப்பொருளுக்குத் திரும்பும். தொடக்கத்தில் முணுமுணுப்பாக வந்தது இப்போது முழுக் குழுவின் உச்சக் குரலில் வரவேண்டும் என்பது பீத்தோவனின் எழுத்து. மார்ச் 42-இல் அந்த இடம் வரும்போது டிம்பனி என்னும் பெருமுரசு மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உருள்கிறது. ஒலிவாங்கியே திணறி ஒலி கலங்குகிறது. இசை வெற்றியோடு வீடு திரும்பியதாகத் தோன்றவில்லை, கூரை இடிந்து விழுவதுபோல் இருக்கிறது. மூன்றாம் பகுதி இதற்கு நேர் எதிர். பீத்தோவன் குறித்துவைத்த மெட்ரோனோம் வேகத்தை மதித்து வாசிப்போர் சுமார் 12 நிமிடங்களில் முடித்துவிடும் அதை ஃபுர்ட்வாங்லர் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு நீட்டுகிறார். மூச்சை அடக்கிக்கொண்டு வாசிப்பதுபோன்ற விளம்பம். பிறகு பாடகர்கள் எழுந்து மானுட சகோதரத்துவத்தைப் பாடி முடித்ததும், கடைசிச் சில விநாடிகளில் வாத்தியங்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடுகின்றன. தனித்தனி ஸ்வரங்கள் காதில் விழுவதில்லை.

முடிந்ததும் எங்களில் இளைய நண்பர் ஒருவர் கலங்கிய கண்களோடு, “ஹிட்லரின் முகத்துக்கு நேரே கத்துகிறார் இந்த மனிதர்” என்றார். வேறு இருவர் தலையசைத்தார்கள். எங்களுள் மூத்தவர், அரை நூற்றாண்டாக மேலை இசை கேட்டுவருபவர், சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தம்பி, உங்களுக்குத் தேதி தெரியாமல் இருந்திருந்தால் இதெல்லாம் கேட்டிருக்குமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் தாம் வரப்போவதில்லை என்று சொல்லிக் கிளம்பினார்.

அவருடைய கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்த நாடாக்களின் வரலாற்றைத் தோண்ட நேர்ந்தது.

முதலில், இப்படி ஒரு பதிவு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். அக்காலத்து இசைத்தட்டு அரக்கால் ஆனது, நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. பெரிய தட்டிலும் ஒரு பக்கத்துக்கு நான்கு, நாலரை நிமிடங்களே அடங்கும். ஒன்பதாம் சிம்பொனிக்குப் பதினாறு பக்கங்களாவது தேவை. கலைஞர்கள் நான்கு நிமிடம் வாசித்து, நிறுத்தி, புது மெழுகுத் தட்டு வைக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து மீண்டும் எடுப்பார்கள். நெடுந்தொலைவை ஒரே மூச்சில் கடக்கும் தன்மையுடையது ஃபுர்ட்வாங்லரின் இசை; எங்கே இறுக்கி எங்கே தளர்த்துவது என்பதை அவர் அரை மணி நேரக் கணக்கில் யோசிப்பவர். ஒலிப்பதிவுக் கூடம் என்றாலே அவருக்கு ஆகாது. அவர் அரங்கில் என்ன செய்தார் என்பதைப் பிடித்துவைக்கும் கருவி அதுவரை இருக்கவில்லை.

அந்தக் கருவி ஜெர்மனியில்தான் உருவாயிற்று. சிகரெட்டின் நுனியில் பொன்னிறப் பட்டை ஒட்டும் முறையை வகுத்தவரான ஃப்ரிட்ஸ் ஃப்ளாய்மர், அதே கைத்திறனைக் கொண்டு காகிதப் பட்டையில் இரும்புத் துகளை ஒட்டி ஒலியைப் பதிக்க 1928-இல் காப்புரிமை பெற்றார். ஏஇஜி நிறுவனம் அதற்கான இயந்திரத்தையும், லுட்விக்ஸ்ஹாஃபனிலிருந்த பிஏஎஸ்எஃப் வேதியியல் ஆலை நாடாவையும் உருவாக்கின. ‘மாக்னெட்டோஃபோன்’ என்ற பெயரில் 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அது வெளிவந்தது. 1936 நவம்பரில் தாமஸ் பீச்சம் லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு லுட்விக்ஸ்ஹாஃபனுக்குச் சென்று வாசித்ததை அதில் பதிவு செய்தார்கள். அப்பதிவு இன்றும் கிடைக்கிறது. இசையைவிட இரைச்சலே அதில் மிகுதி.

இரைச்சலைப் போக்கியது ஒரு தற்செயல். 1940-இல் ஜெர்மன் வானொலியின் பொறியாளர் வால்ட்டர் வேபர், பழுதான ஒரு மின்பெருக்கி உயர் அதிர்வெண்ணில் தானாக அதிரத் தொடங்கியபோது பதிவின் இரைச்சல் திடீரென அடங்கிவிட்டதைக் கவனித்தார். ஒலியோடு சேர்த்துக் காதுக்கெட்டாத உயர் அதிர்வையும் நாடாவுக்குள் செலுத்தும் முறை அப்படித்தான் பிறந்தது. விநாடிக்கு 77 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நாடா. ஆயிரம் மீட்டர்ச் சுருள் ஒன்றில் ஏறத்தாழ 22 நிமிடங்கள். இரண்டு இயந்திரங்களை மாற்றி மாற்றி ஓட்டினால் கச்சேரி முழுவதும் வெட்டில்லாமல் கிடைத்துவிடும். உலகில் வேறெந்த நாட்டு வானொலியிடமும் அப்போது இத்தகைய கருவி இல்லை. போரின்போது இங்கிலாந்தில் ஜெர்மன் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்கப் படைப் பொறியாளர் ஜாக் மல்லின், நள்ளிரவு தாண்டிய பிறகும் தட்டின் கரகரப்பு ஏதுமின்றிச் சிம்பொனி ஒலிப்பதைக் கேட்டு வியந்தாராம். ஹிட்லர் நடுநிசியில் வாத்தியக் குழுவை உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறாரோ என்றுகூட ஐயம் எழுந்தது. 1945-இல் மல்லின் அந்த இயந்திரங்கள் இரண்டைப் பிரித்து அஞ்சலில் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டார். அமெரிக்க ஒலிநாடாத் தொழில் அதிலிருந்துதான் கிளைத்தது. அது வேறு கதை.

நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் லுட்விக்ஸ்ஹாஃபன். பிஏஎஸ்எஃப் அப்போது தனி நிறுவனமாக இல்லை, ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெருங்கூட்டமைப்பின் அங்கமாக இருந்தது. அதே ஐ.ஜி. ஃபார்பன்தான் 1941-இல் ஆஷ்விட்ஸை ஒட்டிய மோனோவிட்ஸில் கைதிகளின் உழைப்பைக் கொண்டு ரப்பர் ஆலை கட்டத் தொடங்கியது. ஸைக்ளோன் பி நஞ்சை விற்ற டெகெஷ் நிறுவனத்திலும் அதற்குப் பங்கு இருந்தது. பீத்தோவனைத் தாங்கி நிற்கும் பழுப்பு நிற நாடாச் சுருள் அந்தக் கணக்குப் புத்தகங்களிலிருந்து வந்த பொருள். இதைச் சொல்வதால் இசை கெட்டுப்போகும் என்று நாம் கருதவில்லை. ஆயினும் இசை காற்றிலிருந்து வந்ததுபோல் நடித்துக்கொண்டு கேட்பதும் இனி முடியாது.

வாசித்தவர்கள் யார்? பெர்லின் ஃபில்ஹார்மோனிக் 1882-இல் கலைஞர்கள் தாங்களே பங்கு சேர்த்து நிறுவிய தன்னாட்சிக் குழு. 1933-இல் அது கடனில் மூழ்கும் நிலையில் இருந்தது. மறு ஆண்டு கோயபல்ஸின் பிரச்சார அமைச்சகம் அதை விலைக்கு வாங்கி அரசுக் குழுவாக ஆக்கிக்கொண்டது. ஊதியம் உயர்ந்தது. போர் வந்தபோது அதன் கலைஞர்களுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கும் கிடைத்தது. நாட்டின் பிற குழுக்கள் இளைஞர்களைப் போர்முனையில் இழந்துகொண்டிருக்கையில் இது மட்டும் முழுப் பலத்தோடு இருந்தது. மார்ச் 42-இன் தந்தி வாத்தியங்கள் அவ்வளவு செறிவாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மிஷா ஆஸ்டர் 2007-இல் வெளியிட்ட ‘அரசுக் குழு’ பற்றிய ஆய்வுநூல் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆவணங்களோடு விவரிக்கிறது. அதற்கு முந்தைய அறுபதாண்டுக் காலம் ரசிகர்களான நாம் இதைப் பற்றி அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குழுவில் இருந்த யூதக் கலைஞர்கள் நால்வர். தலைமை வயலின் கலைஞர் சிமோன் கோல்ட்பெர்க், செல்லோ வாசித்த ஜோசஃப் ஷூஸ்டர், நிகோலாய் க்ராவ்டன், வயலின் வாசித்த கில்பர்ட் பாக். 1930-களின் நடுப்பகுதிக்குள் நால்வரும் வெளியேறினர். கோல்ட்பெர்கை இருபது வயதில் அந்த நாற்காலியில் அமர்த்தியவரே ஃபுர்ட்வாங்லர்தான். அவரைத் தக்கவைத்துக்கொள்ள ஃபுர்ட்வாங்லர் முயன்றார் என்பதும் உண்மை.

ஃபுர்ட்வாங்லரின் வழக்கே இப்படிப்பட்டதுதான். ஒவ்வொரு உண்மையின் பின்னும் ‘ஆனால்’ ஒன்று வரும். 1933 ஏப்ரலில், கலையில் நல்லது, மோசமானது என்ற பிரிவு ஒன்றே உண்டு, யூதர், யூதரல்லாதார் என்ற பிரிவு கூடாது என்று கோயபல்ஸுக்குத் திறந்த மடல் எழுதினார். புருனோ வால்ட்டர், க்ளெம்பெரர் போன்றோர் ஜெர்மனியில் தொடர்ந்து பணியாற்ற வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்டார். ஆனால் அதே ஆண்டு கோரிங் அளித்த ப்ரஷ்ய அரசவை உறுப்பினர் பதவியையும் ஏற்றுக்கொண்டார். 1934-இல், ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காத பால் ஹிண்டமித்தின் ‘மாட்டிஸ்’ சிம்பொனியை அரங்கேற்றினார். எதிர்ப்பு கிளம்பியபோது நவம்பர் 25 அன்று ஹிண்டமித்தை ஆதரித்து நாளிதழில் கட்டுரை எழுதினார், பத்து நாட்களுக்குள் எல்லாப் பதவிகளையும் துறந்தார். ஆனால் அடுத்த ஏப்ரலில் கோயபல்ஸோடு சமரசம் செய்துகொண்டு மேடைக்குத் திரும்பிவிட்டார். கட்சியில் சேரவில்லை. பல யூதக் கலைஞர்களுக்கு உதவினார், சிலர் உயிரோடு தப்பியது அவரால்தான். ஆனால் நியூரம்பெர்க் கட்சி மாநாட்டை ஒட்டி வாக்னரின் இசை நாடகத்தை நடத்தினார், ஆக்கிரமிக்கப்பட்ட ப்ராகிலும் போய் வாசித்தார். இந்த ‘ஆனால்’களைக் கூட்டிக் கழித்து ஒரு தீர்ப்பு எழுதிவிட வேண்டும் என்ற ஆசை நமக்கு வருவது இயல்பே. ரொனால்ட் ஹார்வுட் 1995-இல் ஒரு நாடகமாகவே எழுதிப் பார்த்தார், 2001-இல் இஸ்த்வான் ஸாபோ அதைத் திரைப்படமாக்கினார். இருவராலும் தீர்ப்பு எழுத முடியவில்லை.

மார்ச் 42-க்கு வருவோம். பழைய ஃபில்ஹார்மோனி அரங்கு இருந்தது பெர்ன்பர்கர் தெருவில். ஒரு காலத்தில் சக்கரச் சறுக்கு விளையாட்டுக்கென்று கட்டப்பட்ட கூடம், ஒலியமைப்பில் ஐரோப்பாவின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக அமைந்துவிட்டது. சில நிமிட நடையில் அன்ஹால்ட்டர் ரயில் நிலையம். அன்றைய தேதிக்கு நகரத்து யூதர்களை க்ரூனவால்ட் நிலையத்திலிருந்து கிழக்கே ஏற்றி அனுப்பத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அன்ஹால்ட்டரிலிருந்து முதியவர்களை டெரெஸின் முகாமுக்கு அனுப்புவது ஜூன் மாதம் தொடங்கவிருந்தது. அதற்கெனத் தனி ரயில்கூட இல்லை, வழக்கமாகப் புறப்படும் பயணிகள் ரயிலிலேயே இரண்டொரு பெட்டிகளைக் கூடுதலாகக் கோத்துவிடுவார்கள். மக்கள் செய்தித்தாள் வாங்கிக்கொண்டு பக்கத்துப் பெட்டியில் ஏறுவார்கள். போலந்தின் பெல்ஸெக்கில் நச்சுவாயுக் கொலைகள் தொடங்கியது மார்ச் 17. நாம் கேட்கும் கச்சேரிக்கு ஐந்து நாட்கள் முன்பு.

நாடாவில் இவை எதுவும் இல்லை. அதில் இருப்பது இசையும் இருமலும்தான். அமைதியான மூன்றாம் பகுதியில், எவரோ ஒருவர் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு இருமுகிறார். பெர்லினில் அது குளிர் விலகாத காலம். சீட்டு கிடைத்ததே பெரிது என்று வந்து அமர்ந்த ஒருவராக இருக்கலாம், சீருடை அணிந்தவராக இருக்கலாம், யாரையோ வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். அந்த இருமலைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் அறையில் ஓர் அசைவு உண்டாகிறது. இசையைவிட அதுவே நம்மை அந்த அரங்குக்குள் கொண்டுபோய் உட்காரவைக்கிறது.

ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 19 அன்று, ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்தைய மாலையில், ஃபுர்ட்வாங்லர் இதே சிம்பொனியை மீண்டும் நடத்தினார். இத்தகைய நாட்களில் பெர்லினில் இருக்காதபடி பார்த்துக்கொள்வது அதுவரை அவர் வழக்கம். இம்முறை தப்ப முடியவில்லை. செய்திப் படச்சுருள் எஞ்சியுள்ளது. இசை முடிகிறது, கோயபல்ஸ் மேடையருகே வந்து கை நீட்டுகிறார், இவர் குனிந்து கை குலுக்குகிறார். பிறகு கைக்குட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறார். துடைத்துக்கொண்டார் என்கிறார்கள் அன்பர்கள். வியர்வைதான் என்கிறார்கள் மற்றவர்கள். ஸாபோவின் படம் இந்தக் காட்சியோடுதான் முடிகிறது. எங்களுக்கு அந்தக் கைக்குட்டை மீது அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இனி மூத்தவர் கேட்ட கேள்வி. தேதி தெரியாவிட்டால் என்ன கேட்டிருக்கும்? ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஃபுர்ட்வாங்லர் நடத்திய ஒன்பதாம் சிம்பொனிகள் பல கிடைக்கின்றன: 1937 மே மாதம் லண்டன், 1951 ஜூலையில் பாய்ராய்ட், இறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன் 1954 ஆகஸ்டில் லூஸெர்ன். ஒருவர் மட்டும் அறிந்திருக்க, மற்றவர்களுக்கு எது என்று சொல்லாமல் மூன்றாம் பகுதியை மாற்றி மாற்றிப் போட்டோம். ‘போரின் துயரம் கசிகிறது’ என்று எங்களில் இருவர் உறுதியாகச் சொன்னது 1951-ஆம் ஆண்டுப் பாய்ராய்ட் பதிவை. வேக மாற்றங்கள், நீண்ட மௌனங்கள், முடிவில் தலைதெறிக்க ஓடுவது, எல்லாம் எல்லாவற்றிலும் இருக்கின்றன. போருக்கு முன்பும் இருந்தன, பின்பும் இருந்தன. அவை எதிர்ப்புக் குரல் அல்ல, அந்த மனிதரின் கைரேகை. ஒலிவாங்கிகள் தாங்காமல் கலங்கிய ஒலியையும் நாம் பாதி ஆவேசமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாதி என்றுதான் சொல்ல முடிகிறது. முதல் பகுதியின் அந்தப் பெருமுரசு இடத்தை நான்கு பதிவுகளிலும் அடுத்தடுத்துக் கேட்டோம். மற்ற மூன்றிலும் அது பேரொலி. மார்ச் 42-இல் மட்டும் வேறு ஏதோ நடக்கிறது. நூறு பேரும் தங்களுக்குத் தெரிந்த எதையோ அடித்து நொறுக்க முயல்வதுபோல் இருக்கிறது. அது குற்றவுணர்வா, அச்சமா, முதல் ரஷ்யக் குளிர்காலம் ஜெர்மன் படையைச் சிதைத்த செய்தியா, வெறும் அன்றைய நாளின் வேகமா? இசைக்குப் பொருள் சொல்லும் அகராதி நம்மிடம் இல்லை. தேதி தெரியாமல் கேட்டிருந்தாலும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம். ஏன் என்பதை மட்டும் நாமாக இட்டு நிரப்பியிருக்க மாட்டோம்.

அரங்கு 1944 ஜனவரி 30 அன்று குண்டுவீச்சில் அழிந்தது. குழு வெவ்வேறு கூடங்களுக்கு மாறி மாறி வாசித்தது. 1945 ஜனவரியில் அட்மிரால்ஸ்பலாஸ்ட் அரங்கில், மோட்ஸார்ட்டின் நாற்பதாம் சிம்பொனி நடுவே மின்சாரம் நின்று இருள் சூழ்ந்தது. பார்வையாளர்கள் குளிரில் காத்திருந்தார்கள். விளக்கு வந்ததும், விட்டதைத் தொடராமல் நேரே பிராம்ஸின் முதல் சிம்பொனியைத் தொடங்கினார்கள். அந்நாட்களின் பதிவாக அந்தச் சிம்பொனியின் கடைசிப் பகுதி மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கிறது. பெட்டியின் இறுதித் தட்டுகளில் அது இருக்கிறது. அடுத்த வாரம் வியன்னாவில் ஒரு கச்சேரி, பிறகு எல்லை கடந்து ஸ்விட்சர்லாந்து. கெஸ்டபோவின் கண் தம்மீது விழுந்துவிட்டது என்ற எச்சரிக்கை அவருக்கு முன்பே வந்திருந்தது. போரின் கடைசி மாதங்களில் பெர்லின் வானொலி ஸ்டீரியோ முறையிலும் சில பதிவுகளைச் செய்துபார்த்தது. வால்ட்டர் கீஸெகிங் வாசித்த பீத்தோவனின் ஐந்தாம் பியானோ கான்சர்ட்டோ அவற்றுள் ஒன்று (நடத்தியவர் ஃபுர்ட்வாங்லர் அல்ல, ஆர்தர் ரோதர்). அதன் முதல் பகுதியில் அமைதியான இடங்களில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் தொலைவில் முழங்குகின்றன. கீஸெகிங் நிறுத்தாமல் வாசிக்கிறார்.

நாடாக்களின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெர்லின் வானொலி மாளிகையைக் கைப்பற்றிய சோவியத் படையினர் அவற்றை மாஸ்கோவுக்குக் கொண்டுசென்றார்கள். 1960-களில் மெலோடியா நிறுவனம் அவற்றைத் தட்டுகளாக வெளியிட்டது. மாஸ்கோ சென்று வந்தவர்களின் பெட்டிகளில் அவை மேற்கே பயணமாயின. படியெடுத்த படிகள், தவறான வேகத்தில் சுருதி ஏறியவை, தேதி மாறியவை என்று ஒரு பெருங்குழப்பமே நிலவியது. வியன்னாவில் 1944 டிசம்பரில் பதிவான ‘எரோய்க்கா’வை அமெரிக்காவின் யுரேனியா நிறுவனம் 1953-இல் அனுமதியின்றி வெளியிட்டபோது ஃபுர்ட்வாங்லரே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 1987-இல் சோவியத் அரசு நாடாக்களில் ஒரு பகுதியைப் பெர்லினுக்குத் திருப்பித் தந்தது, மற்றவை பின்னர் வந்தன. எங்கள் பெட்டி அந்த நாடாக்களிலிருந்து வார்த்தெடுத்தது.

1946 டிசம்பரில் பெர்லினில் ஃபுர்ட்வாங்லர் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். ஹிம்லரின் ஆட்சியில் வாழ நேர்ந்த மக்களுக்கே பீத்தோவன் மிகுதியும் தேவைப்பட்டார் என்பது அவர் வாதத்தின் சாரம். அத்தகைய ஜெர்மனியில் ‘ஃபிடேலியோ’வை எப்படி நடத்த முடிந்தது, எப்படி உட்கார்ந்து கேட்க முடிந்தது என்று 1945-லேயே தாமஸ் மன் கேட்டிருந்தார். 1947-இல் யெஹூதி மெனுஹின், தாம் யூதர் என்ற நிலையில் நின்றே, ஃபுர்ட்வாங்லரோடு வாசித்தார். சிகாகோ குழு அவரை அழைத்தபோது ஹோரோவிட்ஸும் ரூபின்ஸ்டைனும் இன்னும் பலரும் அவர் வந்தால் தாங்கள் அங்கே வாசிக்கப் போவதில்லை என்றார்கள். 1949 ஜனவரியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. மெனுஹினும் சரி, ரூபின்ஸ்டைனும் சரி என்று எங்கள் அறையில் ஒருவர் சொன்னபோது, யாரும் மறுக்கவில்லை, யாருக்கும் நிறைவாகவும் இல்லை.

மூன்று வாரம் வராதிருந்த மூத்தவர் நான்காவது ஞாயிறன்று வந்தார். கையில் பழைய ஒரு தட்டின் மறுவெளியீடு. பீத்தோவனின் எட்டாம் எண் ‘ஸெரனேட்’, மூன்றே வாத்தியங்கள். 1934-இல் லண்டனில் பதிவானது. வயலின், சிமோன் கோல்ட்பெர்க். வியோலா, பால் ஹிண்டமித். செல்லோ, இமானுவேல் ஃபாயர்மன். மூவரும் பெர்லினில் ஒன்றாக வாசித்துவந்தவர்கள். ஃபாயர்மனை பெர்லின் இசைக் கல்லூரி 1933-லேயே நீக்கிவிட்டிருந்தது. கோல்ட்பெர்க் குழுவை விட்டு வெளியேறியது அந்த ஆண்டுதான். ஹிண்டமித்துக்காக ஃபுர்ட்வாங்லர் பதவி துறந்ததும் அந்த ஆண்டின் முடிவில்தான்.

மார்ச் 1942-இல் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கணக்கிட்டுப் பார்த்திருந்தார் மூத்தவர். ஹிண்டமித் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். ஃபாயர்மன் நியூயார்க்கில், மே 25 அன்று, முப்பத்தொன்பது வயதில், அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். கோல்ட்பெர்க் பியானோக் கலைஞர் லிலி க்ராவுஸோடு கச்சேரிப் பயணம் போன இடத்தில், ஜாவாவில் மாட்டிக்கொண்டிருந்தார். அத்தீவு அந்த மார்ச் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. போர் முடியும்வரையிலான அவருடைய காலத்தின் பெரும்பகுதி சிறைமுகாம்களில் கழிந்தது.

நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாறும் பழைய தட்டு அது. மறுவெளியீட்டில் அந்த ஒட்டுகளைச் சரிசெய்திருக்கிறார்கள் என்றாலும், கூர்ந்து கேட்டால் இசை ஒரு கணம் மூச்சு வாங்குவது தெரிகிறது. கரகரப்புக்கு நடுவே கோல்ட்பெர்கின் வயலின் மிக மெலிதாக, நேராக, அலங்காரமே இல்லாமல் வருகிறது. முதலில் வரும் அணிநடைப் பகுதியில் மூவரும் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டு போவதுபோல வாசிக்கிறார்கள். முடிந்ததும் இளைய நண்பர் மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டோம்.